தவளைக்குப் போட்ட முடிச்சு

ரப்பர் தவளைக்கு ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பைக் கட்டுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதைவிடப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடலாம். இது என் கொள்கை. நான் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். வருகிற உதிரிபாகத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் சிவப்பு முத்திரை குத்தித் தள்ளுவேன். ரிடையர் ஆகி பெங்களூர் அடுகோடி வீட்டில் உட்கார்ந்த பிறகு உதிரிபாகங்கள் வருவதில்லை, மனிதர்கள்தான் வருகிறார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை.

என் பெயர் பக்தவச்சலம். கோலார் தங்கவயலில் பிறந்து, பேத்தமங்கலா ஏரியில் தூண்டில் போடக் கற்றவன். மற்றவர்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஜாதகம் பார்ப்பார்கள், சம்பளம் விசாரிப்பார்கள். நான் ஏரிக்குக் கூட்டிப்போவேன். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் மகள் தர்ஷினிக்கு வரன் அமைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. "யாராவது ஏரிக்குப் போனாங்களா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் திரும்பிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனேக்கல் பக்கம் என் சிநேகிதன் ரங்காவுக்குத் தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு குட்டி ஏரி. பாதித் தண்ணீரைத் தாமரை இலை மூடியிருக்கும், இலைக்கு அடியில் விரால் இருக்கும். அங்கே கரையில் மூன்று தூண்டில் கம்புகளைச் சாத்தி வைப்பேன். ஒன்றில் பிரெய்டு, ஒன்றில் சாதாரண நைலான் நரம்பு, ஒன்றில் ஃப்ளோரோ. பெட்டியைத் திறந்து பொய் இரைகளைக் காட்டுவேன். எதற்கு எதைக் கட்டுகிறாய், கட்டு, என்பேன். அவ்வளவுதான் பரீட்சை.

இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. தவளை இலைமேல் தத்தித் தத்திப் போக வேண்டும், விரால் கவ்வினால் இலைத்தண்டை அறுத்துக்கொண்டு வெளியே இழுக்க வேண்டும். அதற்குப் பிரெய்டுதான். நூல் பின்னியது, மிதக்கும், இழுத்தால் நீளாது. பாப்பர் என்று ஒன்று, தண்ணீரின் மேல் வாயைத் திறந்து துப்பிக்கொண்டே வரும். அதற்கு நைலான். ஃப்ளோரோ தண்ணீரில் மூழ்குகிற சாதி, அதைக் கட்டினால் பாப்பர் மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். ஆழத்துக்கு முங்கும் பிளாஸ்டிக் மீன் ஒன்று இருக்கிறது, வயிற்றில் மும்முனைக் கொக்கிகளோடு. அதற்குத்தான் ஃப்ளோரோ. பிரெய்டு கட்டினால் கொஞ்சமும் நீண்டு கொடுக்காமல் கொக்கி மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கடைசியாக ஸ்பூன். தகடு, சுழன்றுகொண்டே வரும். நைலானில் கட்டலாம், ஆனால் நடுவில் சுழலுகிற சின்ன வளையம் ஒன்றை மாட்ட வேண்டும். மறந்தால் நரம்பு முறுக்கிக்கொண்டு பந்தாகிவிடும்.

இவ்வளவையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊரில் இப்போது மீன்பிடிக்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டுமே. தொப்பி, முகத்தை மூடும் துணி, இருபத்தெட்டு பாக்கெட் வைத்த சட்டை. ரீலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜப்பான் கம்பெனிப் பெயரைச் சொல்வார்கள். வீடியோவில் அமெரிக்காக்காரன் எதைச் சொன்னானோ அதை ஆனேக்கல் விராலுக்குக் கட்டுவார்கள். மீன் வராது, ஆனால் போட்டோ வரும். ஆடத்தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் ஏரி கோணல் என்பார்கள்.

இப்படிப்பட்டவர்களாக நாலு பேரை ஏரியில் வைத்தே தள்ளியிருக்கிறேன். ஐந்தாவதாக வந்தவன் அஷ்வின். இரண்டு வருஷம் முன்னால், உறவுக்காரர்கள் மூலமாக வந்த வரன். நாலையும் சரியாகக் கட்டினான். அதோடு நின்றிருக்கலாம். நான் போட்டிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், சுத்திப் போடற இந்த முடிச்சு நைலானுக்கு ஓகே. பிரெய்டு வழுக்கும். இரட்டையா மடிச்சுப் போடணும், அதான் நிக்கும்" என்றான். நான் பேத்தமங்கலாவில் தூண்டில் போட்டபோது இவன் அப்பாவுக்கே பல் முளைத்திருக்காது. எனக்கு முடிச்சு சொல்லித்தருகிறான். போதாக்குறைக்கு என்னைவிடப் பெரிய விராலையும் பிடித்தான். வீட்டுக்கு வந்து நட்சத்திரம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். நட்சத்திரம் பார்க்காத வீட்டில் அந்தக் காரணத்தை யாரும் நம்பவில்லை. அதனால் என்ன? எதிர்த்துப் பேசுகிறவன் எதிர்த்துப் பேசுகிறவன்தான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தர்ஷினிக்கு அவனைப் பிடித்திருந்தது என்று என் மனைவி சம்பூர்ணம் பிறகு சொன்னாள்.  அதற்குப் பிறகு தர்ஷினி ஏரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சின்ன வயதிலிருந்து என் ரீல்களுக்கெல்லாம் நரம்பு சுற்றிக்கொடுத்தவள் அவள்தான். நான் ஏரியிலிருந்து வந்ததும் கம்பை வாங்கி, முடிச்சை வெட்டி, நரம்பைத் துடைத்துச் சுற்றி வைப்பாள். என் முடிச்சை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதையும் நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷமாகக் கம்பு மூலையில் ஈரத்தோடு அப்படியே நிற்கும்.

போன மாதம் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற சுஹாஸ் என்று ஒருவன். மல்லேஸ்வரத்துப் பையன், அப்பா கன்னடக்காரர், அம்மா தமிழ். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். அயர்லாந்து ஆபீசுக்கு மாற்றல் கேட்டால் கிடைக்கும், இத்தனை நாளாக அவள்தான் கேட்கவில்லை என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"உங்க சம்மதம் இல்லாம பண்ணிக்க மாட்டேன்பா. ஆனா இவரையும் நீங்க வேணாம்னுட்டா நான் இங்க இருக்க மாட்டேன். போய்ட்டா திரும்பியும் வர மாட்டேன்."

மிரட்டலா என்று கேட்டேன். இல்லை, தகவல் என்றாள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் நான் சொல்லிக்கொண்டிருந்த பதில்.

எழுந்து போகும்போது, "அவருக்கு மீன் புடிக்கறதப் பத்தி ஒண்ணுமே தெரியாதுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பெண்ணாவது தனக்குப் பிடித்தவனைப் பற்றி இப்படிச் சொல்வாளா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தெரியாதா, வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வந்துவிட்டான். நல்ல உயரம், கண்ணாடி, காலில் புத்தம்புதிய வெள்ளை ஷூ. ஏரிச் சேற்றுக்கு வெள்ளை ஷூ. எனக்குப் பாதி திருப்தி அங்கேயே வந்துவிட்டது. ஹோசூர் ரோடில் போகும்போது மீன் எப்போது தூங்கும் என்று கேட்டான். சந்தாபுரத்தில் இட்லி சாப்பிடும்போது, தூண்டிலில் இட்லியைக் கட்டினால் வருமா என்று கேட்டான். இவனையா என் பெண் பொறுக்கி எடுத்தாள் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் பெட்டியைத் திறந்தேன். தவளையை எடுத்தான், ஃப்ளோரோக் கம்பில் கட்டினான்.  பாப்பரை எடுத்தான், அதையும் ஃப்ளோரோவிலேயே கட்டினான். முங்கும் மீனுக்குப் பிரெய்டு. ஸ்பூனை நைலானில் கட்டினான், வளையம் மாட்டவில்லை. நாலும் தப்பு. முடிச்சுகளைப் பார்த்தால் செருப்புக் கயிறு கட்டியது போல இருந்தது.

"இன்னா தம்பி இது? தவளைக்குப் போயி ஃப்ளோரோவா?"

"ஹௌதா, அப்படியா அங்கிள்? கண்ணுக்கே தெரியல, அதனால இதான் பெஸ்ட்டுன்னு நெனச்சேன்."

உண்மையைச் சொல்கிறேன், ரிடையர் ஆன பிறகு அப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்க்கவில்லை. பாப்பர் ஏன் தலை குப்புற விழுகிறது என்று காட்டினேன். கொக்கி ஏன் வாயைக் கிழிக்கும் என்று சொன்னேன். ஸ்பூனை அவனையே வீசவிட்டு, நரம்பு பந்தாகிறவரை காத்திருந்து, பிறகு சொன்னேன். அவனுடைய படிப்பைச் சொல்லிக் கேலி செய்தேன், கம்பெனியைச் சொல்லிக் கேலி செய்தேன், ஷூவைத் தனியாகச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் "ஹௌதா அங்கிள்" என்று தலையாட்டினான். முகம் சுளிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் எனக்கு மனசு கனிந்துவிட்டது. மருமகன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஒன்றும் தெரியாதவன், தெரியாது என்று தெரிந்தவன். இவன் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிறகு, எப்படிப் பிடிப்பது என்று காட்டப் பிரெய்டுக் கம்பில் நானே தவளையைக் கட்டிக்கொண்டு, ஏரித் தண்ணீர் வெளியேறும் தூம்புக்கல் ஓரமாக வீசினேன். தவளை இலைமேல் தத்தியது. தண்ணீர் வெடித்தது. கம்பைச் சுண்டி இழுத்தேன். ஒரு நொடி நல்ல கனம். அப்புறம் ஒன்றும் இல்லை. சுற்றினேன், வெறும் நரம்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் என் தவளை இலைகளுக்கு நடுவே மல்லாந்து மிதந்தது. விரால் அதைத் துப்பிவிட்டிருந்தது.

நரம்பின் நுனியைப் பார்த்தேன். நரம்பு அறுந்தால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இது சுருண்டிருந்தது. முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தால்தான் நுனி அப்படிச் சுருளும். தரச்சோதனைக்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"கல்லுல பட்டு அறுந்துடுச்சு" என்றேன்.

சுஹாஸ் குனிந்து நுனியைப் பார்த்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பிறகு, "ஹௌது அங்கிள், கல்லாதான் இருக்கும்" என்றான்.

அந்த நேரம் பார்த்து அதே இடத்தில் விரால் மூச்சு வாங்க மேலே வந்தது. கரிய முதுகு, தொடை கனம். அதுவோ அதன் ஜோடியோ, இன்னும் அங்கேயே நின்றது. நான் வேறொரு தவளையை எடுத்தேன். படிக்கிற கண்ணாடி காரில் இருந்தது. தவளையின் மூக்கில் நரம்பு கோக்கிற கண்ணுக்குள் நுனி போகவில்லை.  மறுபடி குத்தினேன், போகவில்லை. விரால் திரும்பியது.

"குடுங்க அங்கிள்" என்று வாங்கினான்.

நரம்பை விரலிடுக்கில் வைத்து மேலிருந்து தடவிக்கொண்டே வந்தான். சொரசொரத்த இடம் வந்ததும் அதற்கு மேலாக வெட்டி எறிந்தான். மிச்சத்தை இரட்டையாக மடித்துக் கண்ணுக்குள் விட்டு, ஒரு முடிச்சுப் போட்டு, தவளையை நரம்பு மடிப்பின் வளையத்துக்குள் நுழைத்தான். இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து எச்சில் தொட்டான். இறுக்கினான். அவன் பார்வை நரம்பில் இல்லை, விராலின் மேல் இருந்தது. கம்பை என் கையில் கொடுத்தான்.

நான் வீசினேன். கவ்வியது. இந்தத் தடவை முடிச்சு நின்றது. இலை, தண்டு எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு மீன் கரைக்கு வந்தது. அதைப் புல்லில் போட்டோம். 

முடிச்சு இறுகும்போது நரம்பு சூடாகி வலு போய்விடும், அதற்காகத்தான் எச்சில். தவளைக்கு ஃப்ளோரோ கட்டுகிறவன் எவனும் எச்சில் தொடமாட்டான். அப்போதுதான் காலையில் நடந்ததெல்லாம் எனக்கு உறைத்தது. ஒன்றும் தெரியாதவன் குருட்டாம்போக்கில் ஒன்றையாவது சரியாகக் கட்டியிருப்பான். நாலையும் பிசகாமல் தப்பாகக் கட்ட வேண்டுமானால் நாலும் தெரிந்திருக்க வேண்டும். இதைக்கூடக் கவனிக்காமல் நான் வெள்ளை ஷூவைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

"எத்தன வருஷமா புடிக்கிற?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு ஹாசன் பக்கம் போவானாம். காலையில் செய்தது முழுக்க தர்ஷினி சொல்லிக்கொடுத்தது. எந்த இரைக்கு எது தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லி ஒப்பித்துக் கேட்டாளாம். ஷூவும் அவள் வாங்கியது. இட்லியும் அவள் யோசனை.

"எதுக்கு?"

"சரியா கட்டறவன உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னா அங்கிள்."

"வேற இன்னா சொன்னா?"

அவன் தயங்கினான். சொல் என்றேன்.

"பாவம் அவரு, அவருக்கு வேற என்ன இருக்கு, ஜெயிச்சிட்டுப் போகட்டும்னு சொன்னா."

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிழவன், பிடிவாதக்காரன், பொறாமை பிடித்தவன் என்று என்ன சொல்லியிருந்தாலும் திருப்பிச் சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. ஆனால் அவள் பாவம் என்றாள். நான் ஊரில் இருக்கிறவனையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டிலேயே ஒருத்தி என்னைப் போட்டுப் பார்த்து, எடையும் சொல்லிவிட்டாள். எந்தத் தூண்டிலுக்கு நான் வாயைத் திறப்பேன் என்று அளவெடுத்துக் கட்டிவிட்டிருக்கிறாள். நானும் நன்றாகத் திறந்தேன். வலித்தது.

திரும்பி வருகிற வழியில் அவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். வீட்டில் போய் வாயைத் திறக்காதே என்று மட்டும் சொன்னேன். தள்ளுவதற்குக் காரணம் என் கையில் இருந்தது. பொய் சொன்னவன், நடித்தவன், என்னை ஏமாற்றியவன். இதைவிட உறுதியான காரணத்தோடு நான் எதையுமே தள்ளியதில்லை. சொன்னால் சம்பூர்ணம்கூட வாயடைத்துப் போவாள். பிறகு தர்ஷினி அயர்லாந்துக்குப் போவாள், போனால் வரமாட்டாள். அவள் தகவல் சொன்னால் அது தகவல்தான். சில்க் போர்டு நெரிசலில் கார் நின்றது. பக்கத்தில் அவன் மடியில் மீன் பையை வைத்துக்கொண்டு, சேறு அப்பிய ஷூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கதவைத் திறந்தவள் தர்ஷினி. அவளுக்குப் பின்னால் சம்பூர்ணம். இரண்டு பேர் கண்ணும் என் முகத்திலேயே இருந்தது.

"என்னாப்பா?" என்றாள் தர்ஷினி.

"சுத்த மடையன்" என்றேன். "தவளைக்கு ஃப்ளோரோ கட்றான். நாலுக்கு நாலும் தப்பு. இட்லியக் கட்னா மீன் வருமான்னு கேக்கறான். எங்க புடிச்ச இவன? உங்கம்மாவ நாள் பாக்கச் சொல்லு."

சம்பூர்ணம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சுஹாஸ் தரையைப் பார்த்தான். தர்ஷினி சிரித்தாள், ஜெயித்துவிட்டு ஓடிவருகிற குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நான் அதைத் தாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினேன்.

பிறகு அவள் இரண்டு வருஷமாகச் செய்யாததைச் செய்தாள். என் கையிலிருந்த கம்பை வாங்கினாள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய துணியை எடுத்து நரம்பைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கை தவளைக்கு அருகில் வந்ததும் நின்றது. முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள். அந்தச் சிரிப்பு மெல்லப் போயிற்று. சுஹாஸைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் போட்டதுதாம்மா" என்றேன். "இரட்டையா மடிச்சுப் போடறது. பிரெய்டுக்கு இதான் நிக்கும்."

அவள் முடிச்சை வெட்டாமல் கம்பை அப்படியே மூலையில் சாத்தி வைத்தாள்.